புல்தின்னி நாற்காலி

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்காதீர்கள், கேட்டால் பக்கத்துக் காட்டின் பேரைச் சொல்லிவிடுவேன், விலங்குரிமை ஆணையம் என்று ஒன்று இருந்தது. சிங்கராஜாவுக்கு அதில் பெரிய ஆசை இல்லை. ஆனால் கடல் தாண்டி வரும் நாரைகள் காடு காடாய்ப் போய்த் தரம் போடும். ஆணையம் இல்லாத காட்டுக்குக் கடைசித் தரம். அந்தக் காட்டு ராஜாவை வெளிநாட்டு விருந்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

ஆகவே சட்டம் போட்டார்கள். தலைவர் பதவி ஓய்வுபெற்ற புலிக்கு மட்டும். எங்கே கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்று அதற்குத்தானே தெரியும். கூட ஒரு முன்னாள் சிறுத்தை. புல்தின்னிகளுக்கென்றும் ஒரு நாற்காலி உண்டு. அதில் கிழ ஓநாய் உட்கார்ந்திருந்தது. பல்லெல்லாம் விழுந்து கஞ்சி குடிப்பதால் அதைச் சைவத்தில் சேர்த்துவிட்டார்கள்.

அங்கே ஒருநாள் செவந்தி என்ற பெண்மான் வந்து அழுதது.

"ஐயா, ராஜா துறையில தண்ணி குடிச்சான்னு என் வீட்டுக்காரர் காத்தமுத்துவைக் காவல் கழுதைப்புலிங்க குகையில அடைச்சிட்டாங்க. பௌர்ணமிக்கு அவங்க விருந்து. அதுக்குள்ள விடலேன்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும், தெரியும்" என்றது புலி. நாக்கைச் சுழற்றிக்கொண்டு, "அறிக்கை கேட்கிறோம்" என்றது.

"யார்கிட்டங்க?"

"கழுதைப்புலிகளிடம்தான். அடைத்தவர்களுக்குத்தானே விவரம் தெரியும்?"

அறிக்கை வந்தது. 'காத்தமுத்து எங்கள் குகையில் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறான்.'

"தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நம்பும்படிதான் இருக்கிறது" என்றது ஓநாய்.

"அப்ப நீங்க ஒண்ணும் பண்ண முடியாதா?"

"ஏன் முடியாது? விட்டால் நல்லது என்று பரிந்துரை செய்வோம்."

"அதை நானே அவங்க காலைப் பிடிச்சுச் சொல்லிட்டேனே ஐயா."

"நீ சொன்னால் கெஞ்சல். நாங்கள் சொன்னால் பரிந்துரை. வித்தியாசம் இருக்கிறதம்மா."

செவந்தி வீட்டுக்குப் போகவில்லை. ஆணையத்து வாசலிலேயே படுத்துவிட்டது.

பௌர்ணமிக்கு முதல்நாள் நாரை வந்து இறங்கியது. உறுப்பினர்களை ஏற இறங்கப் பார்த்தது. ஒரு பிடி அருகம்புல்லை ஓநாய் முன் வைத்து, "சாப்பிடுங்கள்" என்றது. ஓநாய் மென்றது. கண்ணில் நீர் வந்ததே தவிரப் புல் உள்ளே இறங்கவில்லை.

"பொழுது சாய்வதற்குள் நிஜப் புல்தின்னி ஒன்று இந்த நாற்காலியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசித் தரம்" என்று சொல்லிவிட்டு நாரை மீன் பிடிக்கப் போய்விட்டது.

சிங்கராஜாவுக்கு வியர்த்தது. உடனே புல்தின்னிகளைப் பதவிக்கு அழைத்துவர ஆளனுப்பியது. யாரை அனுப்பியது என்கிறீர்கள்? கழுதைப்புலிகளைத்தான். வேறு ஆள் ஏது? "பதவி தர்றோம், நில்லுங்க" என்று அவை கத்திக்கொண்டு துரத்த, முயலும் கேளையாடும் காட்டெருமையும் மலை தாண்டி ஓடின.

கழுதைப்புலிகள் ஆணையத்தில் காத்திருந்த ராஜாவிடம் வெறுங்கையோடு திரும்பின. ராஜாவின் கண் வாசலில் கிடந்த செவந்தி மேல் விழுந்தது. அது தலையைத் தூக்கியது.

"ராஜா, புகார் கொடுத்தவளே நாற்காலியில உட்காரக் கூடாது. ஆனா ஓட முடியாத புல்தின்னி ஒண்ணு உங்க காவல் குகையிலயே இருக்கு."

"அறிக்கைப்படி அவன் அங்கே இல்லையே" என்று புலி இழுத்தது.

"இல்லாதவரை வெளிய விடுறதுல உங்களுக்கு என்ன சாமி நஷ்டம்?"

சிங்கராஜா கழுதைப்புலிகளைப் பார்த்தது. அவை விருந்தை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டு போய்க் குகைக் கதவைத் திறந்தன. எலும்பும் தோலுமாய் வந்த காத்தமுத்துவைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அது அருகம்புல்லை மட்டுமல்ல, மாலையையும் சேர்த்துத் தின்றது. நாரை மகிழ்ந்துபோய் முதல் தரம் கொடுத்துவிட்டுப் பறந்தது.

இரண்டும் வீட்டுக்கு நடந்தன. செவந்திக்குக் கால் தரையில் படவில்லை. கொஞ்ச தூரம் போனதும் கேட்டது:

"ஏங்க, குகையில உங்க கூட வேற யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு புள்ளிமான் இருக்கான். நல்ல பையன். எனக்குக் காயத்தையெல்லாம் நக்கிவிட்டான்."

"அவனையும் விடச் சொல்லுங்களேன். இப்ப நீங்க சொன்னா கேப்பாங்க."

காத்தமுத்து நின்று, கொம்பை மரத்தில் தேய்த்தபடி யோசித்தது.

"சொல்லலாம் செவந்தி. ஆனா அவன் என்னைவிடப் பார்க்க லட்சணமா இருப்பான். அடுத்த தடவை நாரை வரும்போது, இருக்கிறது ஒரு நாற்காலிதானே?"

நீதி: உறவுக்காரர் உள்ளே மாட்டிக்கொண்டால் உரிமையைத் தேடி அலையாதீர்கள், காலி நாற்காலியைத் தேடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டது நீங்களே, உங்களுக்கு உறவுக்காரரும் இல்லையென்றால், பௌர்ணமிக்குள் ஒருவரைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள்.