ஆவடி நரகமும் பூந்தமல்லிப் பேய் பங்களாவும்

இயேசு மரி சூசை

ஆவடி, ஃபாக்டரி குவார்ட்டர்ஸ்
11-12-1996

பங்குக் கிறிஸ்துமஸ் கமிட்டிச் செயலாளரும் என் மூத்த மகளின் வீட்டுக்காரருமான மாப்பிள்ளை கிறிஸ்துராஜ் அவர்களுக்கு அத்தை ஞானம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே மகன் வீட்டில் எல்லோரும் சுகம். நீங்களும் ஜெயசீலியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவிடம் மன்றாடுகிறேன். இரண்டு தெரு தள்ளியிருக்கிற மருமகனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் பேசினால் வார்த்தை தடித்துப்போகும். அதனால் நான்கு நாளாக நான் யாரோடும் பேசுவதில்லை. திருவருகைக் காலம் என்பதால் கஞ்சி மட்டும்தான் குடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொடுத்துவிட வேண்டாம் என்று ஜெயசீலியிடம் சொல்லவும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றாம் தேதி கமிட்டிக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்று, இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கண்காட்சியில் நரகக் குகை வேண்டாம், அந்தச் செலவில் இருபத்தாறாம் தேதி பிள்ளைகளை வேன் வைத்துப் பூந்தமல்லி பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற பார்க்குக்கு அழைத்துப்போகலாம், அங்கே பேய் பங்களா இருக்கிறது என்றீர்கள். பதினெட்டு வருஷமாக அந்த நரகத்தைக் கட்டுகிறவள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பி, "காலம் மாறிப்போச்சு அத்தை, உங்க நரகத்தைப் பார்த்துப் பசங்க சிரிக்கிறாங்க" என்று ஃபாதர் முன்னிலையில் சொன்னீர்கள். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனாலும் ஒன்றைப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் பி.காம். நீங்களும் அந்தப் பார்க்கைப் பார்க்கவில்லை என்று ஜெயசீலி சொன்னாள்.

அதனால் போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு நாகவல்லியைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். உள்ளே போனால் பெரிய பெரிய ஆம்பளைகள் அரை டிராயரோடு தண்ணீரில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள், அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பேய் பங்களா வாசலில் இதய நோயாளிகள் வரக் கூடாது என்று போர்டு. நம் குகைக்குள் இதய நோயாளிகளும் வந்து பாவத்தை நினைத்து அழுதுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. உள்ளே இருட்டாவது இருக்கிறதா என்றால் இல்லை, மூலைக்கு மூலை சிவப்பு பல்பு. மேலிருந்து பிளாஸ்டிக் நாடா தொங்குகிறது. நாம் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவோம், அது பிடரியில் பட்டால் சின்னப் பொய் சொன்னவன்கூட மனம் திரும்புவான். தெர்மாகோலில் எலும்புக்கூடு. நாம் வாழைத்தண்டைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, இது கஞ்சனின் கை என்று தொட்டுப் பார்க்கச் சொல்வோம். ஊறின சேமியா புழு, உரித்த திராட்சை பொறாமைக்காரியின் கண். அவர்களிடம் எந்தப் பேய் எந்தப் பாவத்துக்கு என்றே சொல்லவில்லை. சும்மா பேய்.

இரண்டாவது வளைவில் முகமூடி போட்ட ஒரு பேய் எங்கள் மேல் பாய்ந்தது. நான் நகரவில்லை. அது கொஞ்ச நேரம் கையை ஆட்டிவிட்டு, "இன்னா ஆயா, அப்பிடியே நின்னுகினு கீறே. கொஞ்சம் பயப்படேன்" என்றது. "பேய்க்குப் பாட்டா செருப்பு எதுக்குய்யா?" என்று கேட்டேன். முகமூடியைத் தூக்கிவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டார். நாற்பது வயதிருக்கும், பெயர் அய்யாசாமி, பாடி பக்கம் லேத் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்களாம். "காலைலேர்ந்து இந்த மூஞ்சிக்குள்ள வெந்துகினு கீறேன், நீ வேற" என்றார். நாகவல்லி மடியில் வைத்திருந்த முறுக்கைக் கொடுத்தாள். எங்கள் பின்னால் வந்த காலேஜ் பெண்கள் பேய் முறுக்கு தின்பதைப் பார்த்துவிட்டு அதன் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். இதற்காகத்தான் மாப்பிள்ளை நீங்கள் வேன் பேசுகிறீர்கள்.

இனிமேல்தான் கவனமாகப் படிக்கவும். கடைசி வளைவில் மட்டும் பல்பு கிடையாது. அங்கே ஒரு சிரிப்பு கேட்டது. அந்தக் காலேஜ் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினார்கள், ஒரு பெரிய மனுஷன் வந்த வழியே திரும்பி ஓடினான். அடிவயிற்றிலிருந்து எழுந்து, தகரத்தில் மோதி, மேலே போய் உடைகிற சிரிப்பு. அது ஓய்ந்ததும் அதே குரல், "ஏட்டி ஜெயசீலி, பால் பொங்கப் போவுது, எறக்குட்டி" என்றது.

நாகவல்லி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது போன வருஷம் நம்ம அடுப்புல பொங்குன பாலு" என்றாள்.

ஆமாம் மாப்பிள்ளை. போன வருஷம் நரகத்தில் சாத்தானுக்காக டால்டா டின்னுக்குள் வாயை வைத்து நான் சிரித்த சிரிப்பு. பின்பக்கம் மாதர் சங்க டீக்கடையில் உங்கள் சம்சாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பால். சவுண்ட் செட் போட்ட சுலைமான் அதை அப்படியே கேசட்டில் பிடித்து வைத்திருக்கிறார். மறுநாளே அவர் கடைக்குப் போனோம். நான் வாயைத் திறக்கவில்லை, நாகவல்லிதான் கேட்டாள். அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. "கோச்சிக்காதம்மா. பார்க்குல நாலு சிரிப்பு போட்டுக் காமிச்சேன். ஒண்ணு சினிமா வில்லன் மாதிரியே. அத்தெல்லாம் வாணாம், இந்தக் கெழவி சிரிப்புதான் வோணும்னு சொல்ட்டாங்க. பாலை மட்டும் வெட்டிடவான்னு கேட்டேன். ஐயோ, அதுதான் ரொம்ப பயமா கீதுன்னாங்க" என்றார்.

இப்போது நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். என் நரகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று அதை மூடிவிட்டு, அந்தப் பிள்ளைகளை வேனில் ஏற்றி, இரண்டு தெரு தள்ளியிருக்கிற மாமியாரின் சிரிப்பைக் கேட்கப் பூந்தமல்லிக்குக் கூட்டிப்போகப் போகிறீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மிடம் பயந்து ஓடுகிறவன் நேரே குடிலில் போய் விழுவான். வைக்கோலில் குழந்தை இயேசு, மேலே நட்சத்திர விளக்கு. இருட்டிலிருந்து வருகிற கண்ணுக்கு அந்த ஒற்றை விளக்கு எப்படி இருக்கும் என்று நீங்களும் சின்ன வயதில் பார்த்தவர்தானே. ஜெயசீலியை முதலில் பார்த்ததும் அங்கேதான் என்று கேள்வி. பார்க்கில் பயந்து ஓடுகிறவன் பாப்கார்ன் கடையில் போய் நிற்கிறான். பாப்கார்னைப் பார்க்க எதற்கு மாப்பிள்ளை நரகம் வழியாகப் போக வேண்டும்?

ஆகவே வேனை ரத்து செய்து, குகைக்கான தார்ப்பாயையும் பேக்கிங் பெட்டிப் பலகைகளையும் இந்த வாரமே எடுத்துக்கொடுக்கும்படி கமிட்டிச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பேய் பங்களாவில் நான் ஒரு நொடிகூடப் பயப்படவில்லை என்பதையும் கமிட்டிப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளவும். பேத்தி தெரசா கையில் கொடுத்தனுப்புகிறேன், வழியில் பிரித்துப் படிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், படித்திருப்பாள். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடவும். குழந்தை இயேசு உங்கள் வீட்டுக்கும் உங்கள் புத்திக்கும் வெளிச்சம் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் அத்தை
சூ. ஞானம்மாள்

பின்குறிப்பு: வேனை ரத்து செய்ய வேண்டாம். இருபத்தாறாம் தேதி என்பதை வருகிற சனிக்கிழமையாக மாற்றவும். அந்தச் சிரிப்பு என்னுடையது என்று பால் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பால் வருவதற்கு முன்னால் நானும் அலறிவிட்டேன், அலறினதில் மேல் பல்செட் எகிறி எங்கோ விழுந்துவிட்டது. நாகவல்லி குனிந்து துழாவினதில் ஒரு ஹேர்பின்தான் கிடைத்தது. பல்செட் இல்லாமல் பேசினால் காற்றுதான் வருகிறது, சாத்தான் சிரிப்பு சுத்தமாக வரவில்லை, டின் வைத்தும் பார்த்தேன். அய்யாசாமி என்கிற பேயிடம், முறுக்கு கொடுத்த அம்மாவோடு வந்த ஆயாவின் பல்செட் என்று சொல்லிக் கேட்கவும். எலும்புக்கூட்டுக்கு மாட்டியிருந்தாலும் மாட்டியிருப்பார், அதன் வாயைத் திறந்து பார்க்கவும். அந்தச் சிரிப்பு வருகிற இடத்தில் பிள்ளைகள் பயந்தால் அது ஆச்சிதான் என்று சொல்லிவிடாதீர்கள். நன்றாகப் பயப்படட்டும்.