எங்கள் தெருவை நான் திருப்பிப் போட்ட கதை

ஒரு வீட்டில் முதன்முதலாகப் படித்தவனுக்கு எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் புரிந்துவிடும் என்று அந்த வீடு நம்பும். அதில் வீட்டின் தவறு எதுவும் இல்லை. அவனும் அதையே நம்பத் தொடங்குவதுதான் ஆபத்து.

நான் நம்பினேன். ரத்தப் பரிசோதனை முடிவு, கறவை மாட்டுக்குப் போட்ட ஊசியின் சீட்டு, மிக்சியோடு வந்த சீன எழுத்துப் புத்தகம் என்று தெருவில் யார் எதை நீட்டினாலும் வாங்கி, புருவத்தைச் சுருக்கி, இரண்டு முறை 'ம்' போட்டு, விளக்கம் சொல்லி அனுப்புவேன். (சீன எழுத்துக்கும் சொன்னேன். மிக்சி நன்றாகத்தான் ஓடுகிறது.) நாவலூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. அதைப் பேருந்தில் கழற்ற மாட்டேன், தெருவுக்குள் நுழைந்த பிறகும் கழற்ற மாட்டேன். அது இல்லாமல் ஆடுகள்கூட எனக்கு வழிவிடாது என்று ஒரு நினைப்பு.

எங்கள் தெரு, திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், தார் ரோட்டில் தொடங்கி ஏரிக்கரையில் முடியும். ஒரு பக்கம் மட்டும்தான் வீடுகள். எதிர்ப்பக்கம் கருவேல முள். எங்கள் தாத்தாக்கள் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவர்கள் மகன்களுக்கு அரசாங்கம் ஆளுக்கொரு மனை அளந்து பட்டா கொடுத்தது. வாங்கிய கையோடு சுருட்டி அரிசி டிரம்மில் வைத்தவர்கள், பிறகு பிரித்துப் பார்க்கவே இல்லை. ரோட்டுப் பக்கம் இருந்தவர்கள் கடை வைத்து, தளம் போட்ட மெத்தை வீடு கட்டினார்கள். ஏரிப் பக்கம் இருந்தவர்கள் அடைமழையில் கட்டில்மேல் அடுப்பு வைத்துச் சமைத்தார்கள். நாங்கள் ரோட்டிலிருந்து இரண்டாவது வீடு. சிமெண்ட் ஷீட் கூரை. சித்திரை மாதம் அதற்குள் உட்கார்ந்தால் வறுபடும் வேர்க்கடலையின் கஷ்டம் புரியும்.

இந்த நிலையில்தான் கிராம நிர்வாக அலுவலர் ஒருநாள் தெருவில் வண்டியை நிறுத்தி, வியாழக்கிழமை சர்வேயர் வந்து எல்லா மனையையும் அளந்து பட்டாவைக் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிறார் என்றார்.

"கம்ப்யூட்டர் பட்டா இருந்தாத்தான் வீடு கட்டுற திட்டத்துல பேர் சேரும். ஒண்ணே ஒண்ணு, யாருக்கும் யாரோடவும் தகராறு இருக்கக் கூடாது. இருந்தா, தகராறுன்னு எழுதிட்டு அவர் போய்ட்டே இருப்பாரு. அப்புறம் உங்க பேரப் பசங்கதான் கோர்ட்டுக்கு அலையணும்."

எங்கள் நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்தத் திட்டத்துக்காக எத்தனையோ வருடங்களாகக் காத்திருந்தார். மாடிப்படி எங்கே வரும் என்று வாசலில் குச்சியால் கோடு போட்டு, அது அழிய அழிய மறுபடி போடுவார். அவர் என்னிடம் கேட்டது சின்ன உதவி.

"நம்ம பேப்பர் சரியா கீதான்னு ஒரு தபா பாத்துடுறா."

நம் பேப்பரை மட்டும் பார்ப்பதற்கா நான் படித்தேன்? தெரு முழுவதும் போய் எல்லாப் பட்டாவையும் வாங்கி, யாருக்கு எந்த மனை எண் என்று எழுதிக்கொண்டேன். இணையத்திலிருந்து புலப்படத்தை இறக்கினேன். தெருவை மேலிருந்து பார்த்து வரைந்த அளவுப் படம் அது. அதில் வடக்கு மேலே இருந்தது. தெரு மேலே, அதற்குக் கீழே வரிசையாக மனைகள், இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று. இதைவிட எளிதாக உலகத்தில் எதுவும் கிடையாது.

ஞாயிறு உச்சிவெயிலில் தெரு நடுவே வீடுகளைப் பார்த்து நின்றேன். படத்தைக் கையில் பிடித்தேன். இடது கைப் பக்கம் முதல் வீடு, ஒன்றாம் எண். அடுத்தது இரண்டு. அப்படியே எண்ணிக்கொண்டு போனேன். எண்ணி முடித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஒன்றைத் தவிர எந்த வீடும் அதன் சொந்தக்காரர் பெயரில் இல்லை. ஏரிப் பக்கக் குடிசைகள் ரோட்டுப் பக்கத்தாருக்கு. ரோட்டுப் பக்க மெத்தை வீடுகள் ஏரிப் பக்கத்தாருக்கு. தெருவே ஒரு தலைமுறையாக அடுத்தவர் மனையில் குடியிருந்திருக்கிறது.

வேறு யாராவது என்றால் இரண்டாவது முறை எண்ணிப் பார்த்திருப்பான். நான் சார்ட் பேப்பர் வாங்கப் போனேன்.

பெரிதாக வரைந்து, ஒவ்வொரு மனையிலும் பெயர் எழுதி, தண்ணீர் டேங்க் சுவரில் ஒட்டி, ஸ்கேலால் தட்டித் தட்டி விளக்கினேன். தெருவே திரண்டு கேட்டது. எங்கள் வீட்டையும் நான் விடவில்லை. என் கணக்குப்படி அது ஏரியிலிருந்து இரண்டாவது வீட்டில் இருக்கும் தனலட்சுமி அத்தையுடையது. நைனாவுக்குத் தங்கை முறை.

"உண்மைன்னா உண்மைதான். நம்ம வீடு அத்தையோடதுன்னா கொடுத்துட வேண்டியதுதான்" என்றேன். (சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. என் நேர்மையை நினைத்துத்தான்.)

அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "இவன படிக்க வெச்சதுக்கு, வூட்ட வுட்டே தொரத்துறான் பாரு. இன்னாத்தடா எண்ணுன நீ?"

"ஏன் அண்ணி கத்துற?" என்றார் அத்தை, ஏற்கெனவே எங்கள் வாசலைக் கண்ணால் அளந்தபடி. "படிச்ச புள்ள சொல்லுது. அந்த வேப்பமரம் மட்டும் எனக்கு வாணாம். வெட்டிட்டு கோழிக் கூண்டு போடுவேன்."

"போடு, போடு. உன் கையி இன்னா ஆவுதுன்னு பாக்குறேன்."

அதிக நஷ்டம் முதல் வீட்டுத் தயாளன் மாமாவுக்கு. கீழே மளிகைக் கடை, மேலே மெத்தை வீடு. அது கடைசிக் குடிசைக் கன்னியப்பன் அண்ணனுக்குப் போயிற்று. மறுநாளே கன்னியப்பன் அண்ணன் கடைக்குப் போய், வாழைத்தாரிலிருந்து ஒரு பழம் பிய்த்துத் தின்றுகொண்டு, "ஷட்டரு கலரு புடிக்கலயே மாமா, மாத்தணும்" என்றாராம். தயாளன் மாமா தராசைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். தெருவில் ஒரே ஒருவருக்குத்தான் எந்த மாற்றமும் இல்லை. நட்டநடு வீட்டு வேதகிரி. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அவர் வீடு அவருக்கே வந்தது. அவர் வியாழன் வரை என்னோடு பேசவில்லை. "எல்லாருக்கும் ஏதோ பண்ணான், எனக்கு மட்டும் இன்னா பண்ணான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

வியாழன் காலை சர்வேயர் வந்தார். கருப்புக் கண்ணாடி, தோளில் பை. பின்னால் இரண்டு பேர் அளக்கும் டேப்போடு. தெருவில் அவர் கண்டது இதுதான்: ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டுக்காரரும், என் கணக்குப்படி அந்த வீட்டுக்கு வரவேண்டியவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். பட்டாவைத் துணி மாதிரி உதறிக் காட்டினார்கள்.

"இன்னாய்யா இது? தகராறு இல்லன்னாங்களே" என்றார் சர்வேயர்.

"தகராறு இல்ல சார். ஒரு திருத்தம்" என்று அடையாள அட்டையைச் சரி செய்தபடி முன்னால் போனேன். அவர் வீடுகளைப் பார்த்துத் திரும்பி நின்று, பையிலிருந்து புலப்படத்தை எடுத்தார். என்னிடம் இருந்த அதே படம். அதைப் பிரித்து, எழுத்தெல்லாம் கவிழ்ந்து நிற்கும்படி திருப்பிப் பிடித்தார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. "சார், படத்தத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "பாத்தியா, கவுர்மெண்ட்டையே தப்பு கண்டுபுடிக்குது நம்ம புள்ள" என்றார் அத்தை.

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன். அவர் பேசாததால் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் சும்மா நிற்க வேண்டியதாயிற்று. அவரைப் போலவே வீடுகளைப் பார்த்துச் சும்மா நின்றபோதுதான் என் இடது காது சுடுவதைக் கவனித்தேன். காலை வெயில். அப்படியானால் கிழக்கு எனக்கு இடது பக்கம். என் கையிலிருந்த படத்தைக் குனிந்து பார்த்தேன். அதில் கிழக்கு வலது பக்கம்.

வடக்கு மேலே இருக்கும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நான் தெற்கே பார்த்து நின்றிருக்கிறேன். எண்ண வேண்டியது ரோட்டுப் பக்கமிருந்து. எண்ணியது ஏரிப் பக்கமிருந்து. எல்லாரும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். எப்போதும் இருந்தார்கள்.

நைனா கூட்டத்தின் ஓரத்தில், வாசலில் போட்ட மாடிப்படிக் கோட்டை யாரும் மிதித்துவிடாமல் காவல் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இன்னும் நம்பிக்கை மிச்சம் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

"நான் தப்பா எண்ணிட்டேன்" என்று சத்தமாகச் சொன்னேன். "அவங்கவங்க வீடு அவங்கவங்களுக்குத்தான்."

ரோட்டுப் பக்கம் கைதட்டியது. ஏரிப் பக்கம் அசையவில்லை.

"அதெல்லாம் கெடையாது" என்றார் கன்னியப்பன் அண்ணன். "நேத்து வரைக்கும் கரெக்ட்டா சொல்லிகினு இருந்தான். மாமா தராசக் காட்டி மெரட்டிகீறாரு. நீ பயப்படாத தம்பி, நீ சொன்னதுதான் சரி."

என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. நான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "அண்ணே, மெத்தை வீடு இருக்கிறவங்களுக்கு வீட்டுத் திட்டம் கிடையாது. கடை உங்களுதுன்னா உங்க பேர் அடிபட்டுடும்."

கன்னியப்பன் அண்ணன் யோசித்தார். கடையிலிருந்து இரண்டடி விலகினார். ஏரிப் பக்கம் முழுவதும் அவரோடு விலகியது. நான் நிம்மதியாக மூச்சுவிடப் போகும்போது தயாளன் மாமா தொண்டையைக் கனைத்தார்.

"அப்போ குடிசை என் பேர்ல இருந்தா எனக்குத் திட்டம் உண்டா?"

"மாமா..."

"இரு, இரு. படிச்ச பையன் ஞாயித்துக்கிழமையே சொன்னான், அந்தக் குடிசை என்னுதுன்னு. நான்தான் கேக்கல." அவர் ஏரிப் பக்கம் நடக்கத் தொடங்கினார். கன்னியப்பன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

சர்வேயர் பேனா மூடியைத் திறந்தார். அவர் எழுதப் போகும் சொல் எது என்று எனக்குத் தெரியும். நைனாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் மெல்ல உட்கார்ந்தார்.

அப்போது ஒரு வாசனை வந்தது. அடிப்பிடித்த வாசனை.

காலை நேரம். எல்லா வீட்டிலும் அடுப்பில் ஏதோ ஒன்று கொதிக்க, எல்லாப் பெண்களும் சண்டைக்கு வெளியே வந்திருந்தார்கள். "அய்யோ, என் சோறு" என்று யாரோ ஒருத்தி சொன்னதுதான் தாமதம், தெருவே கலைந்தது. தனலட்சுமி அத்தை எங்கள் வாசலிலிருந்து ஏரிப் பக்கம் ஓடினார். கன்னியப்பன் அண்ணன் மனைவி அவரையும் இழுத்துக்கொண்டு ஓடினார். கடைக்குள் பால் வைத்திருந்த தயாளன் மாமா, குடிசையை மறந்து அந்தப் பெருத்த உடம்போடு திரும்பி ஓடினார். ஒருவர்கூட வீடு மாறிப் போகவில்லை.

"அப்படியே இருங்க, யாரும் வெளிய வரக் கூடாது" என்று கத்தினார் சர்வேயர். பேனாவை மூடிவிட்டு டேப்பை விரிக்கச் சொன்னார். வீடு வீடாகப் போய், உள்ளே யார் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்களோ அவர்கள் பெயரைப் படத்தில் டிக் செய்துகொண்டே போனார். பட்டாவோடு எல்லாம் பொருந்தியது.

தீய்ந்தது எங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு. சட்டி போயிற்று. மற்றவர்களுக்கு அம்மா அவசரமாக ரசம் வைத்தார். எனக்கு மட்டும் அன்று வெறும் சோறு.

நைனாவுக்கு வீடு வந்தது. மாடிப்படி அவர் கோடு போட்ட இடத்திலேயே ஏறுகிறது. ஆனால் தனலட்சுமி அத்தை தன் உரிமையை இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் வந்து, "என் வூட்டுக்கு இந்த வருஷம் இன்னா கலரு அடிக்கப் போறீங்க?" என்று கேட்பார். சுவரில் ஆணி அடித்தால், "என்ன ஒரு வார்த்த கேக்கலியே" என்பார். போன ஆவணியில் எனக்குப் பெண் கொடுக்க நெம்மேலியிலிருந்து ஆட்கள் வந்தபோது, எல்லாருக்கும் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நான்தான் இந்த வூட்டு ஓனரு" என்று அறிமுகம் செய்துகொண்டார்.

பெண்ணின் அப்பா முகம் மாறியது. தயங்கித் தயங்கி நைனா பக்கம் குனிந்தார். "சொந்த வீடுன்னு சொன்னாங்களே, வாடகைக்கா இருக்கீங்க?"

நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காபி டம்ளரை அவரிடம் நீட்டி நிதானமாகச் சொன்னார்.

"கவுர்மெண்ட்டு கணக்குல என்னுதுங்க. மாப்ள கணக்குலதான் அவுங்களுது."