ஐஸில் வைத்த கார்டு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நிற்கிற அத்தனை கண்டெய்னர்களின் நம்பரையும் யாராவது பெயின்ட் அடித்து மறைத்துவிட்டாலும் துறைமுகம் கவலைப்பட வேண்டியதில்லை. நம்பர் நைனாவை உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும். எது எந்த வரிசையில் கிடக்கிறது என்று நம்பரோடு ஒப்பித்துவிடுவார்.

எங்கள் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் அவர் டாலி கிளார்க். யார்டுக்குப் போய் கண்டெய்னர் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவது வேலை. அவர் அங்கே எழுதி நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு பார்வை. நாலு எழுத்தும் ஏழு எண்ணும் ஆயுசுக்கும் மறக்காது. கல்யாணத்துக்குப் போய்வந்தால் மாப்பிள்ளை பெயரை மறந்துவிடுவார், வாசலில் நின்ற வேன் நம்பரைச் சொல்வார்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு இன்டர்நெட்டில் கிரெடிட் கார்டு மூலம் பணம் கட்டக் கற்றுக்கொடுத்த பாவி நான்தான். ஆபீசுக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. திருப்பதிக்கு ரயில் டிக்கெட் வேண்டும் என்றார். செல்போனுக்கு ரகசிய எண் வருகிற வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. கார்டின் முன்னால் பதினாறு எண், பின்னால் மூன்று, காலாவதியாகும் மாதம், வருஷம். அடித்தால் முடிந்தது. டிக்கெட் வந்ததும் நைனா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இன்னா மாமு, பர்ஸே தொறக்கல, வேலை முட்ஞ்சிபோச்சு?"

அன்றைக்குப் பிடித்தது சனி. மத்தியானச் சாப்பாடு ஆனதும் என் கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்துவிடுவார். சப்பாத்தி போடும் மெஷின் வந்தது; அவர் வீட்டில் யாரும் சப்பாத்தி தின்பதில்லை. தொப்பை குறைக்கும் பெல்ட் வந்தது. மனிதர் எலும்பும் தோலுமாக இருப்பார். விம்கோ நகரில் அவர் குடியிருந்த ஒற்றை அறை வீட்டுக்கு, நின்ற இடத்திலேயே ஓடும் மெஷின் ஒன்றும் வந்து சேர்ந்தது. அவர் மனைவி சாந்தி அக்கா அதில் துணி காயப்போட்டார். ஏன் இப்படி என்று கேட்டால் நைனாவிடம் நியாயம் இருந்தது.

"நோட்டுன்னா எண்ணும்போது வயிறு எரியுது மாமு. இது வெறும் நம்பரு. நம்பர் அடிக்க எனக்கு இன்னா கஷ்டம்?"

அக்காவுக்கு எரியாதா? மகள் தேவி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நர்சிங் படித்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இன்னொரு பெட்டி இந்த வீட்டுக்கு வந்தால் தேவியின் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்று அக்கா ஒருநாள் சொன்னார். கத்தவில்லை, அழவில்லை. நைனா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் அவரே கார்டை அக்காவிடம் நீட்டி, கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னார்.

அக்காவின் தம்பிக்குக் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை. அவன் கார்டை பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ஐஸ் பார் உறைகிற கேன் ஒன்றில் போட்டு, மூலையில் ஒதுக்கிவிட்டான். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. நாலு மாதம் ஒரு பெட்டியும் வரவில்லை. ஓவர்டைம் பார்த்து கார்டின் பழைய பாக்கியையும் நைனா அடைத்துவிட்டார். மத்தியானங்களில் என் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு மோர் குடித்தார். ஐஸின் மகிமை பற்றி நான் ஆபீஸ் முழுக்கப் பிரசங்கம் செய்தேன்.

தேவிக்கு நர்சிங் சீட் கிடைத்தது. அன்றைக்கே சாயங்காலம் ஐந்து மணிக்குள் இன்டர்நெட்டில் ஃபீஸ் கட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அக்கா நம்பியிருந்த ஏலச்சீட்டுப் பணமோ ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. சரி, கார்டை எடு என்று தம்பிக்குப் போன் போட்டார். புதிதாகச் சேர்ந்த ஆள் காலையில் அந்த ஐஸ் பாரையும் கிரஷரில் போட்டு உடைத்து, விசைப்படகில் ஏற்றிவிட்டானாம். கார்டு தூள்தூளாகி வஞ்சிரம் பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டது.

அக்கா ஆபீஸ் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் தேவி, அழக்கூடத் தெரியாமல் நின்றாள். மணி நாலரை. நைனா வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை முணுமுணுத்தார். பிறகு பதினாறு எண்ணையும் நிறுத்தாமல் அடித்தார். தேதியை அடித்தார். பின்பக்கத்து மூன்றையும் அடித்தார். பணம் சேர்ந்தது என்று திரையில் வந்தது.

தினமும் அவர் மூளையைப் பார்த்து வாய்பிளந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே!

"நாலு மாசமா நம்பரு உன் தலையிலயேதான் இருந்துச்சா நைனா?" என்று கேட்டேன்.

"பின்ன எங்க போவும்? புள்ள படிக்கணுமேன்னு கம்முனு இருந்தேன்."

அக்கா எழுந்து வந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் திரையின் ஓரத்தில் முதுகு பிடித்துவிடும் நாற்காலி ஒன்று, பாதி விலையில், எட்டிப் பார்த்தது. நைனாவின் விரல்கள் இன்னும் கீபோர்டின் மேலேயே இருந்தன.

"சீக்கிரம் ஆஃப் பண்ணு மாமு" என்றார். நான் ஒயரையே பிடுங்கிவிட்டேன்.

இப்போது என் போனில் கார்டு நம்பரைக்கூட அடிக்க வேண்டாம், தொட்டால் போதும். தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்த்து மோர் குடிக்கும் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன். சில நாள் கையை எடுத்துவிடுகிறேன். பல நாள், நான் நம்பர் நைனா இல்லை.