சவ வண்டியில் படுத்துப் போன மிஸி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாதிப் பயிற்சிக் கல்லூரி வாசல்களை மிஸி மிதித்த அளவுக்கு, அங்கே படித்துத் தேறியவர்கள்கூட மிதித்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் தாதியை, அதாவது நர்ஸை, மிஸி என்போம். இவளோ ஒரு நாளும் தாதியாக இருந்ததில்லை. வேலை கிடைக்கும் முன்பே வேலையின் பெயரை வாங்கிக்கொண்டவள்.

ஈப்போ புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள் இருந்தோம். எல்லாருக்கும் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தாத்தாமார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவினார்கள். பேத்திகளான நாங்கள் அந்தப் பாலில் செய்த கையுறையைப் பெட்டியில் அடுக்கினோம். முன்னேற்றம் என்றால் அதுதான்.

அந்த வீட்டில் நிம்மதியாகத் தும்ம முடியாது. கோமதி அக்கா ஒருமுறை பெரிதாக ஏப்பம் விட்டதற்கு, மிஸி அவரைப் படுக்கவைத்து, காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்து, நாடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ரொட்டி சானாய் கொஞ்சம் கூடத் தின்னுட்டேன் லா மிஸி, வேற ஒண்ணும் இல்ல!"

"பேசாதீங்க அக்கா. துடிப்பு எண்ணிக்கிட்டு இருக்கேன்."

அக்கா அப்படியே தூங்கிப்போய் அன்றைக்கு வேலைக்கு மட்டம் போட்டதுதான் மிச்சம்.

எரிச்சலில் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "உனக்கு ஏன் இந்தப் பைத்தியம்?"

"எங்க எஸ்டேட் ஆஸ்பத்திரிய மூடிட்டாங்க லா. அம்மாவுக்கு ஒரு பக்கம் வாய் கோணுனப்ப, காத்துக் கருப்புன்னு நெனச்சு தலையில எலுமிச்சம்பழம் தேய்ச்சுக்கிட்டு இருந்தோம். எங்க லயத்து வீடுகள்ல ஒரு மிஸி இருந்திருந்தா அம்மா பொழைச்சிருக்கும்."

அதற்குப் பிறகு நான் கேலியைக் குறைத்துக்கொண்டேன். முழுக்க விட முடியவில்லை, அது என் பிறவிக் குணம்.

கல்லூரிகளோ ஆளுக்கொரு நிபந்தனை போட்டன. மிஸியிடம் பள்ளி இறுதியாண்டு எஸ்பிஎம் தேர்வில் மலாய், கணக்கு, அறிவியல் எல்லாவற்றிலும் கிரெடிட் என்ற நல்ல தேர்ச்சி இருந்தது. ஒரு கல்லூரி, அறிவியல் போதாது, உயிரியல் வேண்டும் என்றது. இன்னொன்று அதோடு ஆங்கிலத்திலும் கிரெடிட் கேட்டது. தைப்பிங் பக்கம் ஒன்று மட்டும் அறிவியலே போதும் என்றது. ஆனால் உயரம் நூற்றைம்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டுமாம். மிஸி ஒரு நகத்தளவு குறைவு. பல மாமியார்களுக்கு வாய்த்த ஒரே மருமகள் பாடுதான்.

படுத்து எழுந்தவுடன் மனிதர் சற்று உயரமாக இருப்பார், நிற்க நிற்கக் குறுகிவிடுவார் என்று எங்கேயோ கேட்டுவிட்டாள். அது உண்மைதானாம். ஆகவே தைப்பிங் நேர்முகத்துக்குப் படுத்துக்கொண்டே போக வேண்டும். படுத்துப் போக எங்களுக்குத் தெரிந்த வண்டி ஒன்றுதான். கோமதி அக்காவின் தம்பி ஓட்டிய சவ வண்டி.

"உயிரோட யாரையும் ஏத்துனதில்ல மா. பழக்கமில்ல," என்று அவர் தயங்கினார்.

"போறப்ப படுத்துக்கிட்டுப் போறேன், வாரப்ப உக்காந்துக்கிட்டு வாரேன் அண்ணே. உங்க வண்டியில திரும்பி வந்தவள்னு ஒருத்தியாவது இருக்கட்டும் லா."

துணைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழியில் கோலகங்சாரில் சிவப்பு விளக்கு. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, மரியாதையாகக் கும்பிட்டார். மரியாதை தெரிந்த மிஸி, படுத்தபடியே திருப்பிக் கும்பிட்டாள். விளக்கு பச்சையானதும் அவர் மோட்டார் நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன், அவர் அதைவிட்டு இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

தைப்பிங்கில் கொட்டும் மழையில் கல்லூரி வாசல்வரை படுத்தே போய், எழுந்து, அளவுகோலில் நின்றாள். நூற்றைம்பது! நான் கைதட்டிவிட்டேன். அடுத்து எடை பார்த்தார்கள். இந்த உயரத்துக்கு இந்த எடை பத்தாதாம். நகத்தளவு குள்ளமாக இருந்திருந்தால் எடை சரியாக இருந்திருக்கும். அப்போது உயரம் இருந்திருக்காது.

பிறகு மிஸி உயரத்தை விட்டுவிட்டுப் படிப்பைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்து, தனித் தேர்வராக ஒரு வருஷம் உயிரியல் எழுதினாள். மறுவருஷம் ஆங்கிலம். இரண்டிலும் கிரெடிட் வாங்கினாள். கோமதி அக்கா கேசரி கிண்டினார். இரண்டையும் கேட்ட கல்லூரிக்கு நானும் கூடப் போனேன்.

சான்றிதழ்களைப் பார்த்த அதிகாரி அம்மா தமிழர்தான். இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எல்லாப் பாடமும் ஒரே வருஷத்துல எழுதியிருக்கணும் மா. தனித்தனியா எழுதுனத எந்தக் கல்லூரியிலயும் சேத்துக்க மாட்டாங்க."

"மறுபடியும் எல்லாத்தையும் ஒண்ணா எழுதிட்டு வரட்டுமா, மேடம்?"

"அதுக்குள்ள உனக்கு வயசு தாண்டிடும் மா."

ஒவ்வொரு கல்லூரியிலும் என்ன பாடம் என்று கேட்டோம். எப்படி எழுத வேண்டும் என்று கேட்க எங்கள் ஐந்து பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கோமதி அக்கா, "மிஸி, சாப்புட வா" என்றார்.

"இனிமே என்னைய பேரு சொல்லியே கூப்புடுங்க அக்கா."

வீட்டில் இரண்டு பேருக்கு அவள் பெயரே தெரியாது. தெரிந்த எங்களுக்கும் நாக்கு எழவில்லை. அவள் புறப்பட்டுப் போகும்வரை, "இந்தா", "இங்க பாரு" என்றே ஒப்பேற்றினோம்.

இப்போது தெலுக் இந்தானில் ஒரு முதியோர் இல்லத்தில், யார் யாருடைய அம்மாக்களையோ குளிப்பாட்டிச் சோறூட்டுகிறாள். சம்பளம் குறைவு, சீருடை கிடையாது. போன வாரம் போன் போட்டேன். எடுத்தவுடன் வாய் தவறி, "மிஸி" என்றுவிட்டேன்.

அந்தப் பக்கம் யாருக்கோ சோறூட்டும் கரண்டிச் சத்தம் நின்றது.

"சொல்லு லா," என்றாள்.

நான் இன்னொரு முறை, இந்தத் தடவை வாய் தவறாமலே, "மிஸி" என்றேன்.