ஆளுக்கொரு பாவம்

ஏழாவது நோட்டிலும் குடிகாரன் மனம் திரும்பிவிட்டான்.

பேபிக்குட்டி சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஏழு கதை, ஏழு குடிகாரர்கள். கோயில் மணி கேட்ட மாத்திரத்தில் ஏழு பேரும் புட்டியை மீனச்சிலாற்றில் எறிந்திருந்தார்கள்.

"ஏன் பிரதர், ஒருத்தனாவது குடிச்சுட்டு நிம்மதியாத் தூங்கக் கூடாதா?"

"மனம் திரும்பலேன்னா கதையை எப்படி சாரே முடிக்கிறது?" என்றான் ஜிண்டோ.

பாதிரியாராகப் போகும் குருமடப் பிள்ளைகள் கதை எழுதப் பழகினால், நாளைக்கு அவர்கள் பிரசங்கத்தில் ஜனம் குறட்டை விடாது என்பது ரெக்டர் ஔசேப்பச்சனின் எண்ணம். சனிக்கிழமை பிஷப் வந்து கதைகளைக் கேட்பார். பிடித்தால் சாருக்கு நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் மச்சானின் டயர் கடைதான். அவன் 'வாங்க எழுத்தாளரே' என்று ஜாக்கியைக் கையில் கொடுப்பான்.

"இந்தத் தடவை யாரும் திருந்தக் கூடாது. ஆளுக்கொரு பாவம். முழுசாச் செஞ்சு முடிக்கணும்."

"எங்களுக்கு அனுபவம் பத்தாதே சாரே."

"கற்பனை எதுக்கு இருக்கு? 'நான்'னு போட்டு எழுதுங்க. தானா உயிர் வரும்."

வந்தது. மறுநாள் நோட்டுகளைத் திறந்த சாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜிண்டோ பங்குக் குருவான அச்சனின் வாத்தைத் திருடி, மிளகு போட்டு வறுத்து, ஒரு தொடையை அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். ரெஜிமோன் பூசைத் திராட்சை ரசத்தைக் குடித்துவிட்டு வெல்லத் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தான். இன்னொருவன் நாத்தனாரை ஆற்றில் தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்து நிதானமாக மீன் கழுவினான்.

'ஆம்பளைக்கு ஏது நாத்தனார்?' என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார். மற்றபடி அற்புதம்.

மத்தியானம் ரெக்டர் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஏழு நோட்டுகள்.

"ஏழு பேர்ல ஒருத்தன்கூட மிச்சமில்லையே சாரே! அத்தனை பேரையும் பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்புக் கேக்க அனுப்பியாச்சு."

"அச்சா, அது கதை!"

"அவனுங்களும் அதைத்தான் சொன்னானுங்களாம். பொய் சொன்ன பாவமும் சேர்ந்துபோச்சு."

சார் வகுப்புக்கு ஓடினார். "'நான்' வேண்டாம், 'அவர்'னு மாத்துங்க. அவருக்கு ஒரு பேரும் வைங்க."

வெள்ளிக்கிழமை காலையில் ரெக்டரே வகுப்புக்கு வந்துவிட்டார்.

"நேத்து வாத்தைத் திருடினது பையன். இன்னைக்கு நானா?"

ஏழு கதையிலும் பாவியின் பெயர் ஔசேப்பச்சன்.

"வெளியாள் பேரைப் போட்டா அவதூறு, அதுவே பாவமாச்சே," என்றான் ரெஜிமோன் பணிவாக. "அச்சன் நம்ம ஆளு."

"நாளைக்கு பிஷப் பிதா வர்றதுக்குள்ள அந்த ஆள் திருந்தியாகணும்!" என்று ரெக்டர் கத்தினார்.

சாரும் அதையே சொன்னார்: "திருத்திடுங்கப்பா, உங்க இஷ்டத்துக்குத் திருத்திடுங்க!"

பெயரை மாற்றச் சொல்ல இருவருக்குமே தோன்றவில்லை.

சனிக்கிழமை ஜிண்டோ முதலில் எழுந்தான். திருட்டு, மிளகு வறுவல், தொடை எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியில் கோயில் மணி அடித்தது. "ஔசேப்பச்சன் கண்ணீருடன் பிஷப்பின் முன் மண்டியிட்டார்," என்று முடித்தான்.

சார் மனத்துக்குள் டயர் கழற்ற ஆரம்பித்தார்.

பிஷப் எழுந்து நேராக ரெக்டரிடம் போனார். பிஷப்பின் கண்கள் ஈரமாக இருந்தன. "சொந்தப் பாவத்தைப் பிள்ளைங்க வாயால வாசிக்க வெச்சீங்களே அச்சா! இந்தத் தாழ்மை எனக்கு வராது."

"பிதாவே, அந்த வாத்து..."

"வேண்டாம், ஒண்ணும் சொல்ல வேண்டாம்!" பிஷப் இறுகக் கட்டிக்கொண்டதில் ரெக்டரின் மறுப்பு அங்கிக்குள் புதைந்துபோனது. பரிகாரமாக ரெக்டருக்கு நாற்பது நாள் வெறும் கஞ்சி. சாருக்கு அங்கேயே நிரந்தர வேலை. மற்ற ஆறு கதைகளுக்கு அவசியமே வரவில்லை.

கார் கிளம்பியது. ரெக்டர் அறைக்குள் போய்விட்டார். சார் வராந்தாவில் தளர்ந்து உட்கார்ந்தார். ஏழு பிள்ளைகளின் கற்பனை வளம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டது.

சமையல்காரி ஏலிச்சேடத்தி கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். போகாமல் முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள்.

"என்ன சேடத்தி?"

"அடுத்த வாரமும் பாவம்தான்னா இப்பவே சொல்லிடுங்க சாரே. ஏழு பிள்ளைங்களும் வந்து கேட்டுக் கேட்டு, நான் செஞ்சதெல்லாம் தீர்ந்துபோச்சு."