லாப்டாப்பைத் திருப்பித் தர இயலாமை குறித்து

அன்பிற்குரிய மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். நீங்களும் நலம் என்றே எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ கொடுத்த பழைய லாப்டாப்பைத் திருப்பித் தர இயலாது. இவ்வளவு உறுதியாக எழுதிப் பழக்கமில்லாததால் அந்த வாக்கியத்தை ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள உருப்படியா ஒண்ணு செஞ்சு காட்டுங்க அத்தான், இல்லேன்னா பொட்டிய அனுப்பிடுங்க" என்று நீ போனில் சொன்னதை ஸ்பீக்கரில் கேட்ட உன் அக்கா, "நல்லதாப் போச்சு, சாப்பாட்டு மேஜையாவது காலியாகும்" என்றாள். அன்றே பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு மாத்திரை நிரல் தொடங்கினேன். பெயரை அடித்தால், அவருக்குரிய மாத்திரைகளை அது சொல்ல வேண்டும்.

நோயாளி என்று ஒரு கிளாஸ், அதாவது ஆட்களை வார்க்கும் ஓர் அச்சு, எழுதி, அதிலிருந்து என்னையும் உன் அக்காவையும் உண்டாக்கி, அவரவர் மாத்திரைகளைச் சேர்த்து, ஆசையாக அவளைக் கூப்பிட்டுக் காட்டினால், என் புரோஸ்டேட் மாத்திரையை அவளும் விழுங்க வேண்டும் என்கிறது திரை. "எனக்கு எப்ப வந்துச்சு புரோஸ்டேட்டு?" என்று கேட்டாள். மாத்திரைப் பட்டியலை ஆளுக்கொன்றாக வைக்காமல் கிளாஸுக்கே பொதுவாக வைத்துவிட்டேனாம். அதைச் சரிசெய்வதற்குள் அடுத்தது. வேளைக்கு ஒன்று, மூன்று வேளை, பெருக்கு என்றால் நூற்றுப் பதினொன்று என்றது. நாம் அடித்துக் கொடுக்கும் ஒன்று அதற்கு எண் இல்லையாம், ஸ்ட்ரிங்காம், அதாவது வெறும் எழுத்தாம், மூன்று தரம் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுமாம். "அப்ப இனிமே சமைக்க வேண்டாம், மாத்திரையிலயே வயிறு ரொம்பிடும்" என்றாள். பிறகு அவள் பெயருக்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்து, 'அப்படி யாரும் இல்லை' என்று வந்தது பார், வீடே அதிர்ந்தது. "இத்தனை வருஷம் குப்பை கொட்டின வீட்டுல நான் யாரும் இல்லையா?" இடைவெளியை நீக்கும்படி நிரலுக்குச் சொன்னேன், அப்போதும் அவள் யாரும் இல்லை. ஸ்ட்ரிங் தன்னை மாற்றிக்கொள்ளாதாம், புதிதாக ஒன்றைத்தான் தருமாம், அதை நான் வாங்கி வைக்கவில்லை.

வேறு வழியின்றி, வணக்கம் சொல்லி, என் தகுதிக் குறைவையும் விளக்கி, இணையத்தில் ஒரு கேள்வித் தளத்தில் கேட்டேன். 'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று முகத்தில் அடித்தாற்போல் மூடிவிட்டார்கள். கூசிப்போய் அந்தப் பழைய கேள்வியைத் திறந்தேன். அதே தவறு, அதே புலம்பல், கீழே எத்தனையோ பேர் 'எனக்கும் இதேதான்' என்று! கண் கலங்கிவிட்டது. நான் ஊர் உலகத்தில் இல்லாத முட்டாள் ஒன்றும் இல்லை! அங்கிருந்த பதிலைப் பார்த்தே நிரலைத் திருத்தினேன்.

ஞாயிறு காலை உன் அக்காவே தன் பெயரை அடித்தாள். மாத்திரைகள் வந்தன. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "சரியாத்தான் சொல்லுது" என்றாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். இது என் வெற்றி என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், என் வெற்றி.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி, உனக்கு இரண்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் அக்கா இதைப் படித்தாள். அவளுடைய மாத்திரைகளையெல்லாம் டாக்டர் போன மாதமே மாற்றிவிட்டாராம். திரையில் வந்ததில் ஒன்றைக்கூட அவள் இப்போது சாப்பிடுவதில்லையாம். "அப்புறம் ஏன் சரின்னு சொன்ன?" என்றேன். "தப்புன்னா தம்பி பொட்டிய வாங்கிட்டுப் போயிடுவான். நீங்க மறுபடி நாள் பூரா என் பின்னாடியே நின்னு, குழம்புக்கு உப்பு எப்பப் போடணும்னு சொல்லிக் குடுப்பீங்க." ஆகவே, மேலே 'என் வெற்றி' என்று வரும் இடங்களிலெல்லாம் 'உன் அக்காவின் வெற்றி' என்று மாற்றிப் படித்துக்கொள். பொட்டி மட்டும் இங்கேயே இருக்கும்.