சொந்தக் காரணங்களால் தாமதம்

இந்த வீட்டில் ஓர் அறை எனக்கே எனக்கென்று இருக்கும், அதை எவராலும் பறிக்க முடியாது என்று மூன்று வருடங்களுக்கு முன் சபதம் எடுத்தேன். எடுத்தது குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. சத்தம் வெளியே கேட்கக்கூடாது, பாருங்கள்.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி பொதுச்சேவை. கம்பெனியே கைகழுவிவிட்ட ஒரு பழைய பிரிண்டர். புதுக் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போக வைக்க டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். அதை நானே எழுதி இலவசமாகத் தருவதாக இணையத்தில் அறிவித்தேன். சோதித்துப் பார்க்கப் பழைய பிரிண்டர் இருந்தால் அனுப்புங்கள் என்று வீட்டு விலாசமும் கொடுத்தேன். ஆறு வந்து இறங்கின. அறை நிரம்பியது.

மனைவிக்கோ அந்த அறையில் தையல் வகுப்பு நடத்த ஆசை.

"எப்பங்க காலி பண்ணுவீங்க?"

"டிரைவர் முடிஞ்சதும்."

"எப்ப முடியும்?"

"உலகமே காத்துக்கிட்டிருக்கு. அவசரப்படுத்தாதே!"

"டிரைவரா?" என்றார் கூடத்திலிருந்து மாமியார். "மாப்பிள்ளைக்கு சைக்கிளே தகராறாச்சே!"

முடித்தால் அறை போய்விடும். ஆகவே முடிக்கவில்லை. காத்திருந்தவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். 'சொந்தக் காரணங்களால் தாமதம்' என்று எழுதினேன். முதலில் எனக்கு முதுகுவலி. அப்புறம் மனைவிக்கு டைஃபாய்டு. சரக்கு தீர்ந்ததும் மாமியாரைச் சாகடித்தேன். இரங்கல் குவிந்தது. எட்டு மாதம் கழித்து, ஞாபகமறதியில், இன்னொரு தடவையும் சாகடித்துவிட்டேன். யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அவ்வளவு நல்லவர்கள். எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் மணி அடித்தது. மாமியார் போய்த் திறந்தார். பூங்கொத்தோடு ஒரு பள்ளிக்கூட கிளார்க் நின்றிருந்தார். நான் என் அறையிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டேன்.

"துக்கம் விசாரிக்க வந்தேம்மா."

"யாரு போயிட்டா?"

"இந்த வீட்டு மாமியார்."

"எப்போ?"

"போன மாசம். அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை."

"மாமியார் நான்தான். உள்ள வாங்க."

கிளார்க் தன் செல்போனில் நான் எழுதியதையெல்லாம் என் மனைவிக்குக் காட்டினார். "எங்க ஸ்கூல்லயும் அதே பிரிண்டர்தாம்மா. சாரை நம்பி மூணு வருஷமா சர்டிபிகேட்டெல்லாம் கையால எழுதறேன். விரலைப் பாருங்க." அப்புறம் இருவரும் ரொம்ப நேரம் தணிந்த குரலில் பேசினார்கள். அவர் போன பிறகு பூகம்பம் வரும் என்று காத்திருந்தேன். அவள் காபிதான் கொண்டுவந்து வைத்தாள், வழக்கத்தைவிட நுரையோடு.

பத்து நாள் கழித்து ஆபீசிலிருந்து திரும்பினால் என் அறையில் நான்கு தையல் மெஷின், எட்டுப் பெண்கள்.

"என் பிரிண்டரெல்லாம் எங்கே?"

"ஸ்கூலுக்குக் குடுத்தாச்சு. டிரைவர்தான் முடிஞ்சிடுச்சே!"

"நான் இன்னும் பாதிகூட எழுதலையே!"

"இணையத்துல காத்திருந்த உங்க ஆளுங்க ஆளுக்குக் கொஞ்சமா எழுதி ஒன்பதே நாள்ல முடிச்சிட்டாங்க."

ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். டிரைவர் வெளியாகியிருந்தது. அதற்கு மேலே என் படம். படத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம். 'அமரரின் நிறைவேறாத கனவை நிறைவேற்றினோம்' என்று ஒரு வரி. கீழே நானூறு இரங்கல்கள். 'மாமியாரை இருமுறை இழந்தும் தளராத உள்ளம்' என்று ஒருவர் உருகியிருந்தார்.

"அடிப்பாவி! என்னைக் கொன்னுட்டியா?"

"எங்கம்மாவை நீங்க ரெண்டு தடவை கொன்னீங்க. நான் ஒரு தடவைதானே?"

"உயிரோட இருக்கேன்னு இப்பவே எழுதறேன்!"

"தாராளமா எழுதுங்க. மத்ததெல்லாம் ஏன் எழுதினேன்னும் சேர்த்து எழுதுங்க."

விரல் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. யோசித்துப் பார்த்தேன். நானூறு பேருக்கு முன்னால் பொய்யனாக வாழ்வதைவிட அமரராக இருப்பதே கௌரவம் என்று பட்டது.

அன்னார் தற்போது தினமும் மாலையில் தையல் வகுப்பில் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறார்.